மணல் தொட்டியில் பெருவெள்ளம்

பட்டறை ஜன்னல் வெயில் நீண்ட மணல் தொட்டிமேல் சாய்ந்து விழுகிறது. நேற்று தண்ணீர் பாய்ந்து வரிவரியாக மேடு கட்டியிருந்த மணல், இன்று இஸ்திரி போட்ட துணிபோலக் கிடக்கிறது. நிலவியல்காரி தலையில் கைவைத்து நிற்கிறாள். எதிரே தச்சர், கையில் மட்டப்பலகையோடு, பாராட்டுக்குக் காத்திருக்கிறார். "மேடும் பள்ளமுமா கிடந்துச்சு மேடம். ஆபீசர் வர்றாரேன்னு நானே தேச்சு விட்டேன்." "ஐயோ அண்ணே, அந்த மேட்டைக் காட்டத்தானே அவரை வரச்சொன்னேன்!" பனிமலை அடிவாரத்து இந்த ஊருக்கு வெளியே வீட்டுயரத்தில் வரிசையாகக் கிடக்கும் சரளைக் குன்றுகளை நிரவிச் சாலை போடலாமா என்று அந்த அதிகாரி இன்று முடிவு செய்யப்போகிறார். கோபத்திலும் அவளால் விளக்காமல் இருக்க முடியவில்லை. "பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மலை இடுக்கைப் பனி அடைச்சுது. பின்னாடி கடல் மாதிரி ஏரி தேங்குச்சு. பனி உடைஞ்சதும் மொத்த ஏரியும் ஒரே மூச்சுல பாஞ்சுது. ஆத்து மணல்ல விரலளவு வரி விழுதில்ல? அதே வரிதான் அந்தக் குன்றுங்க." "அம்மாடி! இதை நேத்தே சொல்லக் கூடாதா?" "நேத்து பூரா சொன்னேனே!" "நேத்து ரம்பம் ஓடிட்டிருந்துச்சு மேடம்."

தொட்டியின் மேல்முனையில் புதுப் பனிக்கட்டி தண்ணீரைத் தடுத்து நிற்கிறது. தானாக உருகி உடைய மாலையாகிவிடும். அதிகாரியோ இப்போதே உள்ளே வந்து, கீழ்முனையில் நின்று மணலைத் தடவுகிறார். "பாருங்க, மட்டமா இருந்தா எவ்வளவு லட்சணம்!" என்று அவர் சொல்ல, தச்சர் பூரித்துப்போகிறார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் பனிக்கட்டியைப் பிடுங்குகிறாள். தண்ணீர் மணலை வாரிச் சுருட்டிக்கொண்டு பாய்ந்து, அதிகாரியின் சட்டைப் பொத்தான்வரை எகிறுகிறது. அவர் சொட்டச் சொட்ட நிற்கிறார். தொட்டியில் நீர் வடிய வடிய, ஊருக்கு வெளியே கிடக்கும் குன்றுகளைப் போலவே மேடுகள் ஒவ்வொன்றாக முதுகு காட்டுகின்றன. பதறிப்போன தச்சர் மட்டப்பலகையைத் தூக்குகிறார். "தொடாதீங்கய்யா!" என்று கத்துகிறார் அதிகாரி.