சாட்சிக்கு வந்த மாமியார்

"சட்டையில சோயாக் கறையோட வந்து நிக்கிறியே, இது இமிக்ரேசன் ஆபீஸா, மீன் பாசாரா?"

சியூ ஹோங் அம்மாள் போட்ட சத்தத்தில், காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் லியென் கறையைக் கையால் மறைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

பக்கத்து நாற்காலி இந்தோனேசியப் பெண் குசுகுசுத்தாள். "மாமியாரா?"

லியென் தலையசைத்தாள்.

"பாவம்டி நீ."

திட்டெல்லாம் லியெனுக்குப் பழகிப்போன விஷயம். வியட்நாமிலிருந்து மலேசியாவின் ஈப்போவுக்கு வாழ வந்ததிலிருந்து, மாமியாரின் கஞ்சிக் கடையில்தான் அவளுக்குப் பொழுது விடிகிறது. கஞ்சி நீர்த்தால் திட்டு, கெட்டியானால் திட்டு. ஊர் ஞாபகத்தில் ஒரு சொட்டு மீன் சாஸ் விட்டுவிட்டாலோ, தெரு முனை வரைக்கும் கேட்கும்.

இன்றைக்கு அவள் பயந்தது அதற்காக இல்லை.

அவள் இந்த நாட்டில் தங்கும் அனுமதியை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். புருஷன் நேரில் வந்து, 'இவள் என் மனைவி, இவளுக்கு நான் பொறுப்பு' என்று சொன்னால்தான் ஆகும். சீ கியோங் வந்துதான் இருந்தான். ஆனால் அதைச் சொல்ல வரவில்லை. கிள்ளானில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறவன், 'இங்கே தங்குவதற்காகத்தான் இவள் என்னைக் கட்டிக்கொண்டாள், எல்லாம் நாடகம்' என்று புகார் கொடுத்திருந்தான்.

சாட்சி, அவனைப் பெற்ற தாய்.

அனுமதி போனால் லியென் விமானம் ஏற வேண்டியதுதான். இங்கே பிறந்த மகள் ஷின் யீயை அவளோடு விடமாட்டார்கள்.

மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி ரோஸ்னானி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"மேடம், இவ நல்லா நடிப்பா," என்று சீ கியோங் முந்திக்கொண்டான். "நான் சொன்னா நம்ப வேணாம். எங்க அம்மாவைக் கேளுங்க. தினம் இவகூடச் சண்டைதான்."

"சொல்லுங்க ஆன்ட்டி. உங்க மகனும் மருமகளும் புருஷன் பொண்டாட்டியா ஒண்ணாத்தான் இருக்காங்களா?"

"இல்லை."

லியென் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். சீ கியோங் நாற்காலியில் வாகாகச் சாய்ந்துகொண்டான்.

"எத்தனை நாளா?"

"போன சீனப் புத்தாண்டுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சு போச்சு."

"அப்ப இந்தக் கல்யாணத்துல பொய் புரட்டு நடந்திருக்குன்னு சொல்றீங்களா?"

"நடந்திருக்கு. நல்லா எழுதிக்கோங்க."

"மா..." என்றாள் லியென்.

"வாயை மூடு. பெரியவங்க பேசறாங்கல்ல?"

ரோஸ்னானி நிமிர்ந்தாள். "பொய் சொன்னது யாரு ஆன்ட்டி?"

"நான்தான்."

சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பொண்ணு பார்க்க இவ ஊருக்குப் போனவ நான். இவனோட பழைய போட்டோவைக் காட்டினவ நான். குடிக்க மாட்டான், சூதாட மாட்டான், சொந்தக் கடை வச்சிருக்கான்னு இவ அப்பன் கையைப் புடிச்சுச் சொன்னவளும் நான். கடை என்னோடது. மத்ததெல்லாம் பொய். இந்தப் பொண்ணு ஒரு பொய்யும் சொல்லலை. சொல்றதுக்கு அப்ப அவளுக்கு நம்ம பாஷையே தெரியாது."

"மா! உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? நீதானே தினம் அவளைத் திட்டுவ!"

"திட்டுவேன். கூட நின்னு வேலை செய்யறவளைத்தானே திட்ட முடியும்? உன்னைத் திட்டணும்னா பஸ் ஏறிக் கிள்ளானுக்கில்ல வரணும்!"

வெளியே இந்தோனேசியப் பெண் 'களுக்'கென்று சிரித்தது உள்ளே வரைக்கும் கேட்டது. ரோஸ்னானி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"எல்லாம் சரி ஆன்ட்டி. ஆனா புருஷன் பொறுப்பு ஏத்துக்க மாட்டேன்னா என் கையில ஒண்ணும் இல்லை. குழந்தை இங்க பிறந்ததால, இந்த நாட்டுக்காரங்க வேற யாராவது ஜாமீன் நின்னா மேல கேட்டுப் பார்க்கலாம். இவங்களுக்கு இங்க யாரு அப்படி..."

பட்டென்று ஒரு சத்தம். சியூ ஹோங் அம்மாளின் அடையாள அட்டை மேஜைமேல் கிடந்தது.

"போய்க் கேளுங்க. நான் இங்கேயே இருக்கேன்."

ரோஸ்னானி உள்ளே போனாள். சீ கியோங் அம்மாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் பக்கமே திரும்பாமல், கைக்குட்டையை எச்சிலில் நனைத்து மருமகளின் சட்டைக் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்த ரோஸ்னானியின் முகத்தில் சிரிப்பு இருந்தது. "ஒத்துக்கிட்டாங்க."

சீ கியோங் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். யாரும் அவனைத் தடுக்கவில்லை.

"இங்க கையெழுத்துப் போடுங்க. ஆனா நல்லா யோசிச்சுக்கோங்க ஆன்ட்டி. நாளைக்கு இவங்க என்ன செஞ்சாலும் நீங்கதான் பதில் சொல்லணும். தகுதியில்லாத ஆளுக்கு ஜாமீன் நின்னு மாட்டிக்கிட்டவங்க நிறையப் பேரை நான் பார்த்திருக்கேன்."

லியென் விசும்பத் தொடங்கியிருந்தாள்.

"தள்ளி நின்னு அழு. கையெழுத்து மேல சொட்டுது," என்று அதட்டிக்கொண்டே பேனாவை எடுத்தாள் சியூ ஹோங் அம்மாள்.

"அந்தத் தப்பை ஏற்கெனவே ஒரு தடவை பண்ணிட்டேன்மா, இவ அப்பன்கிட்ட, என் மகனுக்காக. இந்தத் தடவை தகுதியான ஆளுக்குத்தான் நிக்கிறேன்."