பார்ட்டி கேட்ட கூரை

"விக்கப்போற வூட்டுக்கு எவனாவது புதுக் கூரை போடுவானா?" ஏணியில் நின்றபடியே ஜோஷ்வா கத்தினான். அவன் கை பட்ட இடத்தில் இன்னொரு ஓடு நொறுங்கி விழுந்தது.

கீழே நின்ற அவன் மனைவி சாராள் தலையாட்டினாள். "கரெக்ட்டுதான்யா. தார்ப்பாய் போட்டு மூடி வித்துடு. நம்மளுக்கு இன்னாத்துக்கு வீண் செலவு?"

ஜோஷ்வாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் கூரையை மாத்து, மாத்து என்று அவன் உயிரை வாங்கியவள் இவள்தான். கோவளத்து வீட்டை விற்றுவிட்டு, கம்பெனிக்குப் பக்கமாகச் சிங்கப்பெருமாள் கோயிலில் குடியேறலாம் என்று அவன் சொன்னதிலிருந்து அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

மதியம் வீடு பார்க்க ஒருவர் வந்தார். வாசலில் தொங்கிய 'விற்பனைக்கு' போர்டைப் பார்த்து வந்தாராம். பெயர் ராஜேந்திரன், ஊர் செங்கல்பட்டு. ஹாலைத் திரும்பியும் பார்க்காமல் விறுவிறுவென்று சமையலறைக்குள் போனவர், அடுப்புக்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்து உச்சுக் கொட்டினார்.

"நீ கேக்குற விலைக்கே எடுத்துக்கறேன் தம்பி. ஆனா இந்தக் கூரையோட வேணாம். புதுசா மாத்திட்டுச் சொல்லு, மறுநாளே அட்வான்ஸ்."

பேரம் பேசாத பார்ட்டியை ஜோஷ்வா அதுவரை கண்டதில்லை. வாயெல்லாம் பல்லாக அவரை வழியனுப்பிவிட்டு வந்தான்.

"அந்தாளு பேச்ச நம்பாதய்யா," என்றாள் சாராள். "தார்ப்பாயே போதும்."

அவள் வேண்டாம் என்ற பிறகு ஜோஷ்வாவுக்கு வேறு யோசனையே தேவைப்படவில்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்டு அவனுக்குப் பழக்கமில்லை. சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் வழித்தெடுத்து, உளுத்த மரத்தைப் பிரித்துப் போட்டு, பளபளவென்று பச்சை ஷீட் போட்டான்.

வேலை முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. குண்டான் வைக்கும் வேலையில்லாமல் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தவனுக்கு, இந்த வீட்டை விட்டுப் போகிறோமே என்று முதல் தடவையாக வருத்தமாக இருந்தது.

ஆனால் ராஜேந்திரன் போனையே எடுக்கவில்லை. எப்போது கூப்பிட்டாலும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. உள்ளதெல்லாம் கூரையில் போய்விட்டதே என்று ஜோஷ்வா புலம்பித் தீர்த்தான்.

ஷிப்ட் முடிந்து சோர்ந்து வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே சாராள் போனில் பேசுவது கேட்டது.

"கூரை சூப்பரா கீது, ராஜேந்திரண்ணே. அடுத்த மாசம் வேற ஆள அனுப்பு, பாத்ரூம் சரியில்லன்னு சொல்லட்டும்."