வேப்பம் புண்ணாக்கும் யூரியாவும்

பெரும்பாக்கத்தில் காலை வெயில் ஏறுகிறது. சுற்றியுள்ள வயல்களிலெல்லாம் மனைக்கற்கள் நட்டாகிவிட்டன. நடுவே தனக்கோடியின் நெற்பயிர் மட்டும் வெளிறி நிற்கிறது. போன போகம் வெறும் யூரியாவில் கொழுத்த பயிர் மழையில் சாய்ந்தது. இந்த முறை அவள் பிடிவாதமாகத் தழையுரம் மட்டும் இட்டாள்; பயிர் தேறவில்லை. இதுவும் போனால் நிலத்தை விற்றுவிடுவதென்று கணவன் துளசிங்கம் சொல்லியிருக்கிறான். இப்போது வரப்பில் விரித்த சாக்கின்மேல், நேற்றே கலந்து வைத்த யூரியாவையும் வேப்பம் புண்ணாக்குத் தூளையும் அவள் கைகள் கிளறுகின்றன. வெள்ளைக் குருணை பழுப்பாகியிருக்கிறது. கசப்பு வாசம் மூக்கில் ஏறுகிறது. “இன்னாமே, யூரியாவே வோணாம்னு நீதானே சொன்னே?” என்கிறான் வரப்பில் நிற்கும் துளசிங்கம். “சொன்னேன். பயிரு பசியா கீது, நான் வீம்பு புடிச்சிகினு இருந்தா ஆவுமா? புண்ணாக்கு கூட இருந்தா யூரியா தண்ணியில ஓடாது, மெள்ளமா வேருக்குப் போவும்.” கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சேற்றில் இறங்குகிறாள். அவள் கை வீசும்போதெல்லாம் உரம் விசிறியாக விரிந்து, ஓரிடத்திலும் கூடாமல் குறையாமல் விழுகிறது. துளசிங்கம் பார்த்துக்கொண்டே நிற்கிறான். சாலையில் மொபெட்டை நிறுத்திய மனைத்தரகர், “அண்ணா, முடிவு இன்னா?” என்று கூவுகிறார். “அறுப்புக்கு அப்பால வாப்பா,” என்கிறான் துளசிங்கம், மனைவியின் கையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நெல்லு தரேன்.”