சித்தப்பா எடுத்த பொடி

"பொடியைத் திருடறது யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன் மேடம். நம்ம சித்தப்பாதான்."

ஆராய்ச்சிக்கூடத்தின் தலைமை மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

லேபில் எல்லாருக்கும் மூத்தவர், எல்லாரையும் "என்ன கண்ணு" என்று கூப்பிடுகிறவர். அதனால் அவர் சித்தப்பா. புகார் சொல்ல வந்தவளுக்கும் அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு: பொடிக்காரி.

லேசுப்பட்ட பொடியா அது? அணு உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருளைக் கரைத்துப் பிரிக்கிற ஆலையில் கதிரியக்க அயோடின் ஆவியாகக் கிளம்பும். தப்பி வெளியே போனால் ஊரார் மூச்சில் ஏறி, கழுத்துச் சுரப்பியில் குடியேறிவிடும். அதை வழியிலேயே மடக்க அவள் தயாரிக்கிற பொடி இது. உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. உள்ளே போன ஆவி வெளியே வராது.

லேபில் சாதாரண அயோடினை வைத்துத்தான் சோதனை. வெள்ளைப் பொடி காபி நிறமாக மாறினால், அன்றைக்குப் பொடிக்காரிக்குக் கால் தரையில் பாவாது.

அடுத்த வாரம் ஆலைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அதற்குள் பொடி வேறு லேப்காரர்கள் கைக்குப் போய், அவர்கள் முந்திக்கொண்டால், அவள் பட்ட பாடெல்லாம் அம்போ.

மேடம் சித்தப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்.

"பொடியை எடுத்தீங்களா?"

"எடுத்தேன் மேடம். சலிச்சு ஒதுக்கின தூளைத்தான். குப்பைக்குப் போறது."

"குப்பைன்னாலும் அது என் குப்பை," என்றாள் பொடிக்காரி. "துணிப்பையில கொட்டி, நீல நூலால வாயைத் தைச்சு, பாக்கெட்ல போட்டுக்கிட்டார் மேடம். என் கண்ணால பார்த்தேன்."

"யாருக்குக் குடுத்தீங்க?"

சித்தப்பா பொடிக்காரியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

"வீட்ல ஃபிரிட்ஜ் நாத்தம் தாங்கல மேடம். அதுக்குத்தான்."

"ஃபிரிட்ஜுக்கா?"

"எந்த வாடையையும் விட்டுவைக்காது மேடம். அவ்வளவு கெட்டிக்காரப் பொடி."

திருடின கையோடு பாராட்டு வேறயா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புளுகறார் மேடம். முன்னெல்லாம் எல்லாருமாச் சேர்ந்து ஜன்னலைத் திறந்து போட்டு என் பொடியைப் பாழாக்கினாங்க. ஈரக்காத்து பட்டா ஓட்டையெல்லாம் தண்ணி குடிச்சிடும், அயோடினுக்கு இடமே இருக்காது. எவ்வளவோ கெஞ்சினேன், காதுல போட்டுக்கல. ரெண்டு மாசமாதான் நல்ல புத்தி வந்து மூடி வச்சிருக்காங்க. சோதனையும் ஜெயிக்குது. அது பொறுக்கல இவருக்கு."

மேடம் சித்தப்பா பக்கம் திரும்பினார்.

"இனிமே நீங்க இந்த லேப் பக்கம் வர வேண்டாம். இப்பவே கீழ ஸ்டோருக்குப் போயிடுங்க," என்றார் மேடம்.

"சரிங்க மேடம்." வாசல் வரை போனவர் திரும்பினார். "சோதனை நல்லா வரட்டும் கண்ணு."

என்ன நடிப்புடா சாமி என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கிளம்பும்போது அவள் மனசு லேசாக இருந்தது. லேபுக்குள் நுழைந்ததுமே ஒரு ரேக் உண்டு. வெளிச் செருப்பை அங்கே விட்டுவிட்டு லேப் செருப்பு மாட்ட வேண்டும் என்பது சட்டம். தன் கேன்வாஸ் ஷூவை எடுத்தாள். முதல் சோதனை ஜெயித்த அன்று போட்டிருந்த ராசியான ஷூ. துவைத்தால் ராசி போய்விடும் என்று அன்றிலிருந்து தண்ணீரே காட்டவில்லை.

காலை நுழைத்தாள். ஏதோ இடறியது.

கவிழ்த்து உதறினாள். துணிப்பை ஒன்று விழுந்தது. நீல நூல் தையல். இன்னொரு ஷூவை உதறினாள். அதிலும் ஒன்று.

"அக்கா, இது..."

பக்கத்து மேஜை அக்கா செருப்பு மாட்டுவதை நிறுத்தினாள்.

"நீ உள்ள வந்ததும் வைப்பார். நீ கிளம்பறதுக்கு முன்ன எடுத்துடுவார். இன்னிக்குத்தான் அவரை உள்ள விடலையே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா?"

"அந்தப் பொண்ணு கூனிக் குறுகிப் போயிடும், யாரும் மூச்சு விடக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டார்மா."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா. அந்தப் பை வந்த பிறகுதான் எங்களால ஜன்னலை மூட முடிஞ்சுது."

அடுத்த நிமிஷம், ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு மேடம் அறைக்குள் போய் நின்றாள் பொடிக்காரி. ஷூ இரண்டையும் உயர்த்திக் காட்டினாள்.

"மேடம், சித்தப்பா சொன்ன ஃபிரிட்ஜ் இதுதான்."