கடைசி வயல்

மூன்றாவது வருஷமும் தன் வயல்தான் கடைசி என்றதும் தொக்தாருக்குப் பொறுக்கவில்லை.

ஊரில் மெய்ராம் ஒருவனிடம்தான் அறுவடை இயந்திரம் உண்டு. யார் வயலில் முதலில் இறங்குவது என்பதற்கு வருஷா வருஷம் அவன் வீட்டில் குலுக்கல் நடக்கும். ஆளுக்கொரு சாயம் பூசிய ஆட்டுக் கணுக்கால் எலும்புகளைத் தொப்பியில் போட்டு, அவன் ஒவ்வொன்றாக எடுப்பான். தொக்தாருடையது சிவப்பு.

கோஸ்தனாய்ச் சமவெளியில் அறுப்பு முடிவதற்குள் எப்போது பனி கொட்டும் என்று சொல்ல முடியாது. போன வருஷம் தொக்தாரின் கோதுமையில் பாதி பனிக்கடியில் போனது. இந்த வருஷமும் போனால் மாடுகளை விற்க வேண்டியதுதான்.

மற்றவர்களின் எலும்புகளெல்லாம் வெளியே வந்தாயிற்று. மெய்ராம் ஏனோ நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"தொப்பியை இப்படிக் கொடு" என்று பிடுங்கிக் கவிழ்த்தார் தொக்தார். ஒன்றும் விழவில்லை.

சிவப்பு எலும்பு மெய்ராமின் உள்ளங்கையில் இருந்தது.

"திருட்டுப் பயலே, மூணு வருஷமா இதானாடா வேலை?"

யாரும் திடுக்கிடவில்லை. பக்கத்து வயல்காரர் ஓராஸ் தன் பாட்டுக்குத் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். அதுதான் தொக்தாருக்கு இன்னும் சுருக்கென்றது. ஊரே கூட்டுக் களவாணிகள்.

"சொல்லிடு மெய்ராம். எத்தனை நாளைக்கு மூடி வைப்ப?" என்றார் ஓராஸ்.

"உங்க வயல்ல இருக்கிற காட்டு ஓட்ஸ் மருந்துக்குச் சாக மாட்டேங்குதுண்ணே."

"யார் வயல்லடா அந்தக் களை இல்ல?"

"எங்க வயல்லயும் இருக்கு. மருந்தடிச்சா சாகுது. உங்களோடது மருந்தக் குடிச்சுட்டுக் கதிர் விடுது. வருஷா வருஷம் அதே மருந்தை அடிச்சு, சாகாததா பார்த்து நீங்களே விதைக்கு விட்ட மாதிரி ஆயிடுச்சு."

மருந்தை மாற்றுங்கள், ஒரு வருஷமாவது கோதுமையை விட்டுப் பட்டாணி போடுங்கள் என்று வேளாண்மை அலுவலகத்துப் பெண் வீடு தேடி வந்து சொன்னதுதான். நீ பிறக்கும் முன்பே விதைத்தவன் நான் என்று அவளைத் துரத்திவிட்டார். அதற்குப் பிறகு இவரிடம் யார் வாயைக் கொடுப்பார்கள்?

எவ்வளவு துடைத்தாலும் இயந்திரத்தின் வயிற்றில் கொஞ்சம் விதை தங்கிவிடும். தொக்தார் வயலை முதலில் அறுத்தால் அந்தக் களை ஊர் முழுக்கப் பரவும்.

"உங்க வயலுக்கு மிஷினே போகக் கூடாதுன்னுதான் நாங்க சொன்னோம். கடைசியாவாவது போறேன்னு இவன்தான் கெஞ்சினான்" என்றார் ஓராஸ்.

தொக்தாரின் சந்தேகப் புத்தி அத்தோடு விடுமா?

"பெரிய தியாகி. மிஷின்காரனுக்கு என்ன, தன்னோடதை முதல்லயே அறுத்து உள்ள வெச்சிருப்பான். பனி விழுந்தா என்னோடதுதானே போகும்?"

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மெய்ராமின் மனைவி ரௌஷன்தான் நிமிர்ந்தாள்.

"ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கண்ணே. எங்க கோதுமை இன்னும் நிக்குது. வருஷா வருஷம் உங்க வயலை முடிச்ச கையோட மிஷின் எங்க வயலுக்குத்தான் வருது. வயித்துல தங்கினது எங்க மண்ணுலயே கொட்டட்டும்னு இவர் சொல்லிட்டாரு. மறு வருஷம் அந்தத் துண்டுல தீவனம் போட்டு, ஓட்ஸ் முத்தறதுக்குள்ள பச்சையாவே அறுத்துடுவோம்."

தொக்தார் முன்னால் கிண்ணத்தை வைத்தாள்.

"போன வருஷப் பனியில உங்களுக்குப் பாதி போச்சு. எங்களுக்கு ஒரு கோதுமை மணிகூட மிஞ்சல."