ஷோகேஸ் கல்

கும்மிடிப்பூண்டி வெல்டிங் ராடு கம்பெனியின் லேபிலிருந்து வீட்டுக்கு வந்த எபினேசர், ஷோகேஸில் இருந்த கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். படிக்கும் காலத்தில் அவர் கண்டுபிடித்துப் பெயர் வைத்த கனிமம் அது.

“இன்னாங்க ஆச்சு?” என்றாள் மனைவி ஹெலன்.

“இது புதுக் கனிமமே இல்லியாம். ஏதோ பழைய கல்லு மழையில வெயில்ல மக்கி, ரெண்டு மூணா மாறிக் கலந்துகினு இருக்குதாம். நான் வச்ச பேரை கனிமங்க லிஸ்ட்லேர்ந்து நீக்கிட்டாங்க.”

ஹெலன் சமையலறைக்குப் போனாள். நெய் மணக்கக் கேசரியோடு திரும்பி வந்தாள்.

“நானே துக்கத்துல இருக்கேன். கேசரி எதுக்கு?”

“சாப்பிடுங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்தக் கல்லை வாராவாரம் தொடச்சிகினு இருக்கேன். இனிமே அது மாவுக் குண்டான் மூடிமேல பாரமா இருக்கட்டும்.”

“நர்மதைட்டுன்னு நான் பேரு வச்ச கல்லும்மா அது. எங்க புரொபசரோட அம்மா ஞாபகமா வச்ச பேரு.”

“நம்ம கல்யாணத்துக்கு வந்தப்பவே அவரைக் கேட்டுட்டேன். அவங்க அம்மா பேரு ஜானகியம்மாளாம். நர்மதா உங்ககூடப் படிச்ச பொண்ணாம்.”

எபினேசர் தட்டைக் கையில் எடுத்தார். பிறகு ஒரு வாய் கேசரி சாப்பிட்டார்.

“சர்க்கரை கொஞ்சம் தூக்கலா இருக்குது.”

“இன்னிக்கு அப்படித்தான் இருக்கும்” என்று ஹெலன் சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.