கைக்கு அடக்கமாக ஒன்று

"உலகத்துல இருக்கற ஒவ்வொரு கைக்கும் பொருத்தமா ஒரு துப்பாக்கி கிடைச்சிடுச்சுன்னு வையுங்க, அம்மணி. மறுநாள் காலையிலேர்ந்து யாரும் யாருக்கும் பயப்பட வேண்டாம். அவ்வளவுதான், பிரச்சினை முடிஞ்சுது."

சொல்லிவிட்டு வெர்லின் டட்டில், கைரேகை பார்ப்பவர் மாதிரி அந்தப் பெண்ணின் உள்ளங்கையைக் கண்ணாடி மேசையின்மேல் விரித்து வைத்தார். ஓக்லஹோமாவின் அந்தச் சிற்றூரில் துப்பாக்கியும் தூண்டில் புழுவும் ஒரே கூரையின்கீழ் கிடைப்பது அவர் கடையில் மட்டும்தான்.

சின்னக் கை. மணிக்கட்டுக்கு மேலே, ஆறிக்கொண்டிருக்கும் ஒரு பல் தடம். கடிக்கிற புருஷன் என்று டட்டில் மனதுக்குள் தீர்மானித்தார். இத்தனை வருட வியாபாரத்தில் அவர் அடிக்கிற புருஷன்களைத்தான் கேள்விப்பட்டிருந்தார். காலம் கெட்டுத்தான் கிடந்தது.

"முதல் துப்பாக்கியா?"

"ஆமா சார். திங்கட்கிழமைக்குள்ள வேணும். வேற வழி இல்லை."

புருஷன் திங்கட்கிழமை ஜாமீனில் வருகிறான் போலிருக்கிறது. டட்டில் கறுப்பாக ஒன்றை எடுத்து, உள்ளே குண்டு இல்லை என்பதைத் தானும் பார்த்து அவளுக்கும் காட்டிவிட்டு நீட்டினார்.

"கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற கவட்டையில, பின்பக்கம் நல்லா மேலேறி உக்காரணும். குழலும் முன்னங்கையும் ஒரே கோடு. விசையில விரலோட நுனிச்சதை படணும். படுதா?"

படவில்லை. விசையை எட்ட அவள் கையையே திருக வேண்டியிருந்தது. குழல் கோணிக்கொண்டு புழு டப்பாக்களைப் பார்த்தது.

அடுத்தது குட்டி. கைக்குள் அடங்கியது, ஆனால் சுண்டுவிரலுக்கு இடமில்லாமல் அது அந்தரத்தில் தொங்கியது. அதற்கடுத்ததின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க அவளுக்குத் தெம்பு போதவில்லை. முகம் சிவக்க இழுத்துப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டாள்.

"இடுப்புல வெச்சிருந்தா வெளியே தெரியுமா சார்?"

"சட்டையைத் தொளதொளன்னு போட்டா தெரியாது."

"யாராவது இடுப்பைச் சுத்திக் கட்டிப் பிடிச்சா?"

டட்டில் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "கடிச்சிட்டுக் கட்டியும் பிடிப்பானா? அதுவும் இடுப்பையா? அவ்வளவு குள்ளமா ஆளு?"

"ரொம்பக் குள்ளம் சார்," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அவளைத் தேற்றுவது தன் கடமை என்று டட்டிலுக்குத் தோன்றியது. "பயத்தை வீட்டுக்குள்ள விடக்கூடாது அம்மணி. என் பொண்ணு இருக்காளே, நாட்டு நடப்பைப் பாத்துட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வீட்டுலேயே வெச்சுப் படிக்க வைக்கறேங்கறா. பிள்ளை என்ன கோழிக்குஞ்சா, கூடை போட்டு மூடி வைக்கன்னு கேட்டேன். அழுதுட்டுப் போயிட்டா. எனக்குப் பொறந்தது இப்படி ஒரு கோழை!"

அவள் அடுத்ததை எடுத்தாள்.

அது பொருந்தியது. பொருந்தியது என்று டட்டில் சொன்னார்.

கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் சுட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் விசையை அழுத்துமுன் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எதிரே தொங்கிய காகித மனிதனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவனுக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்த மரக்கம்பம்தான் பலத்த காயமடைந்தது.

"எல்லாம் பக்கத்துல போயிடுது சார்."

"பழகப் பழகச் சரியாப் போயிடும். நாலு சுவத்துக்குள்ள அவனும் நீங்களும் மட்டும்தானே? குறி தவறிப் பட, பக்கத்துல யாரு நிக்கப் போறா?"

அவள் கம்பத்தின் ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு கடனட்டையை எடுத்து நீட்டினாள்.

விசாரிக்க வேண்டிய இடத்தில் போன் போட்டு விசாரித்தாயிற்று. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. டட்டில் பெட்டியை மூடி அவள் பக்கம் தள்ளினார்.

"போன மாசம் பள்ளிக்கூடக் கூட்டத்துல நீங்க பேசினது இன்னும் காதுலயே இருக்கு சார். ஆசிரியர் இடுப்புல துப்பாக்கி இருந்தா எவன் பிள்ளைங்களைச் சுட உள்ள வருவான்னு கேட்டீங்களே, எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. நானும்தான் தட்டினேன்."

டட்டில் மீசையைத் தடவிக்கொண்டார். "ஏதோ நம்மால ஆனது."

"அப்புறம் தாழ்வாரத்துக்கு ஒரு ஆசிரியர் துப்பாக்கியோட இருக்கணும்னு முடிவாச்சு. யாரும் கை தூக்கலை. புதுசா சேந்தவ நான், என் தலையில கட்டிட்டாங்க." அவள் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஒண்ணாம் வகுப்பு எடுக்கறேன் சார், கடிச்சது அங்க ஒரு வாண்டு. உங்க பேத்தி ஹேட்டி என்கிட்டதான் படிக்கறா. தினமும் காலையில முதல்ல ஓடி வந்து கட்டிப் பிடிக்கறது அவதான்."

கதவு மணி ஒரு தடவை அடித்து ஓய்ந்தது.

டட்டில் மறுபடியும் கொட்டகைக்குப் போனார். கம்பத்தின் ஓட்டைகளில் விரலை விட்டுப் பார்த்தார். எல்லாம் அவருடைய இடுப்பு உயரத்தில், ஹேட்டி நின்றால் தலை வரும் இடத்தில் இருந்தன.

திரும்பி வந்து, கடையில் ஓர் ஆள்கூட இல்லாதபோதும், குரலைத் தாழ்த்திக்கொண்டு மகளிடம் போனில் பேசினார்.

"ஜோலீன், பாப்பா வீட்டுலேயே படிக்கட்டும்மா."